அண்டாவில் விழுந்த பித்தளை சீல்

வெள்ளிக்கிழமை சாயந்திரம் நாலு மணி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு சவுக்குத் தோப்பில் முப்பது பேர் ஆளுக்கொரு மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்கள். முப்பத்தோராவது மரம் என்னுடையது. அந்த வட்டாரத்துக்கு சானிட்டரி இன்ஸ்பெக்டரும் நான்தான்.

எழுபதுகளின் நடுவில், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். என் ஆஸ்தி ஒரு சைக்கிள், சாம்பிள் பாட்டிலுக்கு அரக்கு முத்திரை வைக்க ஒரு பித்தளை சீல். அது சட்டைப் பையில் இருந்தால் கடலே இரண்டடி பின்வாங்கும் என்று எனக்கு நினைப்பு.

தோப்பை ஒட்டி காதர் பாய் மெஸ். கட்டட வேலைக்காரர்களுக்கு அங்கேதான் சாப்பாடு. அன்று மீன் குழம்பும் சேமியா பாயசமும். மீன் போட்டவள் பக்கத்துக் குப்பத்து அஞ்சலை.

எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. மீன்தான் குற்றவாளி. குழம்பின் மிச்சத்துக்கு சீல் வைத்தேன். விதிப்படி, மிச்சமிருந்த பாலுக்கும் ஒரு பாட்டில். மறுநாள் காலை அஞ்சலையின் கூடையை ஊரறிய நிறுத்தி, மீனைக் கையால் புரட்டிவிட்டு உள்ளே பினாயில் ஊற்றினேன்.

"வெடியக்காலம் வலையில ஏறுன சங்கரா சாரு! செவுளத் தூக்கிப் பாரு, ரத்தமா கீது!"

"கெட்ட மீன வித்துட்டுப் பேச்சு வேறயா? நான் சொல்றவரைக்கும் கூடையத் தூக்கக் கூடாது."

அவள் கூடையைக் கவிழ்த்து மண்ணில் கொட்டினாள். "இனிமே எவன் வாங்குவான் என்கிட்ட?" என்றாள். உண்மைதான். இரண்டே நாளில் அவளுக்குப் 'பேதி அஞ்சலை' என்று பட்டப்பெயரே வந்துவிட்டது.

திங்கட்கிழமை செங்கல்பட்டு லேப். அங்கே டெக்னீஷியன் துரைசாமி அண்ணாத்த. கிருமி வளர்க்கிற அகார் வேகிற வாசனை, பீடி வாசனை, அவருடைய கிண்டல் மூன்றும் சேர்ந்ததுதான் அந்த அறை. இன்றைக்கும் எங்காவது கடற்பாசி வேகும்போது அவர் ஞாபகம் வரும்.

"மீன் குழம்பு கிளீன்யா" என்றார். கிருமி வளர்த்த ஒரு தட்டை வெளிச்சத்தில் காட்டினார். தங்கப் பொட்டு வைத்தது போலப் புள்ளிகள். "இது பாலு. ஸ்டாபிலோகாக்கஸ் கிருமி. ஜுரம் இருந்துச்சா?"

"இல்லண்ணாத்த."

"சாப்ட்டு ரெண்டு மூணு மணி நேரத்துல வாந்தி. ஜுரத்தோட வர்ற சால்மோனெல்லா இவ்ளோ அவசரப்படாது. சரி, நீ மீன் சாப்ட்டியா?"

"வெள்ளிக்கிழமை நான் கவுச்சி தொடமாட்டேன். பாயசம் மட்டும் ரெண்டு டம்ளர்."

"அப்புறம் நீ எதுக்குய்யா வாந்தி எடுத்த?"

இந்தக் கேள்வி மூன்று நாளாக எனக்குத் தோன்றவே இல்லை. என் வயிற்றுக்குத் தெரிந்தது என் மூளைக்குத் தெரியவில்லை.

"பாயசத்தக் கொதிக்க வெச்சுத்தான செஞ்சாங்க?"

"கிருமி செத்துடும். அது கக்குன விஷம் கொதிச்சாலும் போவாது. எவனோ கையில சீழ்ப்புண்ணோட ஆறுன பாலத் தொட்டிருக்கான்."

என் வலது கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது. சைக்கிள் செயினில் நசுங்கிய ஆள்காட்டி விரல், ஒரு வாரமாக அழுக்குத் துணிக்கட்டு.

அந்த வெள்ளிக்கிழமை காலை மெஸ்ஸில் இன்ஸ்பெக்ஷன். காய்ச்சி ஆறின பாலை முகர்ந்து பார்க்கக் குனிந்தேன். சீல் சட்டைப் பையிலிருந்து அண்டாவுக்குள் விழுந்தது. அரசாங்கச் சொத்து. காதர் பாய் திரும்புவதற்குள் கையை முழங்கை வரை விட்டுத் துழாவி எடுத்துவிட்டேன். அந்தப் பால் மத்தியானம் பாயசம் வைக்கும்வரை வெதுவெதுப்பாகக் கிடந்தது.

அண்ணாத்த என் விரலைப் பார்த்தார். "மீன்காரி மேல தப்பு இல்லன்னு ரிப்போர்ட்ல எழுதிட்டேன். மீதிய நீயே போய்ச் சொல்லு."

புண் காதர் பாய் கையில் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஒரு நிமிஷம் என்பது பொய். பஸ் திருக்கழுக்குன்றம் வரும்வரை நினைத்தேன்.

மெஸ்ஸில் பந்தி நடந்துகொண்டிருந்தது. அஞ்சலையைக் கூடையோடு வரவழைத்தேன். எல்லோர் முன்னாலும் கட்டை அவிழ்த்து விரலைத் தூக்கினேன். "மீன்ல கோளாறு இல்ல. இந்தப் புண்ணு விரலைத்தான் பாலுக்குள்ள விட்டேன்."

"என் பாலுக்குள்ளயா சார்?" என்று காதர் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். எவனோ, "பேதி இன்ஸ்பெக்டர்!" என்று கத்தினான். பட்டப்பெயர் கைமாறியது.

அஞ்சலை மட்டும் சிரிக்கவில்லை. "இந்தக் கையாலதான என் மீனத் தொட்ட?" என்று கேட்டுவிட்டு, தண்ணீர்த் தொட்டியைக் காட்டினாள். "சோப்பு போட்டுக் கழுவு." கழுவினேன். "நகத்துல?" மறுபடி கழுவினேன். மெஸ்ஸே வேடிக்கை பார்த்தது. அப்புறம்தான் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். மறுநாள் காதர் பாய் அவளிடமே மீன் வாங்கினார்.

மாற்றல் ஆகும்வரை, நான் அந்தப் பக்கம் சைக்கிளை நிறுத்தினாலே, "சாரு, கைய நீட்டு!" என்பாள். நீட்டுவேன். புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் மெஸ்ஸுக்குள்ளே விடுவாள். அந்தப் பழக்கத்தில், பிற்பாடு எந்த ஓட்டலுக்குப் போனாலும் முதலில் என் கையை நானே நீட்டிக் காட்டினேன். பைத்தியம் என்றார்கள்.

முப்பது வருஷ சர்வீஸில் எத்தனையோ மேலதிகாரிகள் என் ஃபைலைப் பார்த்தார்கள். என் கையைப் பார்த்த ஒரே அதிகாரி அஞ்சலைதான்.