பொட்டி சாப்பிடும் நேரம்

சுமித்ராவுக்கு வாய் நீளம் என்று சொல்கிறவர்களுக்கு அளக்கத் தெரியாது. நீளம் கொல்லிமலை ரோடுதான். அதிலாவது வளைவுக்கு வளைவு நின்று மூச்சு வாங்கலாம். சுமித்ராவின் வாய் நேராக வந்து இறங்கும்.

மலைமேல் தேவனூர் நாட்டில் எங்கள் மிளகு விவசாயிகள் சங்கத்துக் கம்ப்யூட்டரை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். ராசிபுரத்தில் தங்கிப் படித்துவிட்டு வந்தவள். அதைக் கம்ப்யூட்டர் என்று சொன்னால் கோபம் வரும், சர்வர் என்று சொல்ல வேண்டும். உறுப்பினர் பெயர், போட்டோ, காடு எங்கே இருக்கிறது, எத்தனை கொடி, எந்த வருடத்திலிருந்து பூச்சிமருந்து அடிக்கவில்லை, எல்லாம் அதற்குள். மருந்தடிக்காத மிளகைத் தேடித்தான் தை மாதம் கொச்சியிலிருந்து ஆள் வருவார். வந்ததும் அந்த விவரத்தைத்தான் முதலில் கேட்பார். முன்பு எழுதி வைத்திருந்த தாள்களையெல்லாம் சர்வர் வந்ததுமே சுமித்ரா போண்டாக் கடைக்குப் போட்டுவிட்டாள். சங்கத்தின் வரலாற்றில் எண்ணெய் ஒற்றி நாங்கள் போண்டா தின்றோம்.

அந்த நாற்காலியை அவள் விடவே முடியாது. விட்டால் தாய்மாமன் சிவபிரகாஷைக் கட்ட வேண்டும். அவர் போர்வெல் லாரியில் பாதி வருடம் வடக்கே இருப்பார், மீதிப் பாதி போதையில் இருப்பார். சங்கத்தில் வேலை இருக்கிற வரைக்கும் கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை என்று அவள் அப்பா செங்கோடன் ஒத்துக்கொண்டிருந்தார். அதற்குள் சங்கத் தலைவர் சின்னுசாமிக்கு அந்த நாற்காலியில் தன் மச்சினன் யுவராஜை உட்கார வைக்க ஆசை. யுவராஜுக்குக் காரவள்ளியில் செல்போன் கடை இருந்தது. செல்போன் மட்டும்தான் விற்கவில்லை.

இப்படிக் கழுத்தில் கத்தி இருக்கிறவள் நாலு பேரிடம் நல்லபடியாகப் பேசலாம் இல்லையா? மாட்டாள். வரிசையில் நிற்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். "அடுத்தது" என்பாள், ஆட்டைப் பட்டியில் அடைக்கிற மாதிரி.

எல்லோரையும் விட அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டது கண்ணாயி. அவள் புருஷன் சின்னான் மிளகு பறிக்க ஏறிய மூங்கில் ஏணியிலிருந்து விழுந்து செத்துப்போனார். உறுப்பினர் பேரை மாற்ற வந்தவள் வார்த்தை வராமல் அழுதபோது சுமித்ரா சொன்னது எங்கள் ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம்: "செத்ததுக்கு சர்ட்டிபிகேட் கொண்டாங்க. அழுதா சர்வர்ல ஏறாது."

சின்னானுக்கு இருந்தது இரண்டே போட்டோ. ஆதாரில் இருப்பது அவர் இல்லை, யாரோ ஆடு திருடன் என்று கண்ணாயி சத்தியம் செய்வாள். சர்வரில் இருந்ததில் மட்டும் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். போட்டோ எடுக்கும்போது சுமித்ராவுக்குப் பின்னால் நின்ற ஒரு உருப்படாத பையன் குரங்கு மாதிரி பல்லைக் காட்டியதால் வந்த சிரிப்பு அது. மிளகு கொண்டுவரும் ஒவ்வொரு தடவையும் அந்தப் படத்தைக் காட்டச் சொல்லி கண்ணாயி கேட்பாள். சுமித்ரா, "இது என்ன சினிமாக் கொட்டாயா?" என்பாள். என்றாலும் மானிட்டரைக் கொஞ்சம் திருப்பி வைப்பாள். அதை யாரும் கண்டுகொள்ளக் கூடாது.

இனி சர்வருக்கு வருவோம். அதை வைத்துக் கொடுக்க சேலத்திலிருந்து வந்த பையன், தினமும் ராத்திரி இரண்டு மணிக்கு எல்லா விவரமும் இன்னொரு டிஸ்க்கில் தானாகப் பதிந்துகொள்ளும்படி நேரம் குறித்துக் கொடுத்தான். பேக்கப் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை ராத்திரிகளில் தன்னைத் தானே கூட்டிப் பெருக்கிக்கொள்ளவும் ஏற்பாடு. சுமித்ரா அதை ஊருக்கு விளக்கியது ஒரே வரியில்: "நீங்க தூங்கறப்போ பொட்டி தானே சாப்ட்டுக்கும்." தினமும் காலையில் வந்து அட்டவணையைத் திறந்து பார்ப்பாள். 'ஆன்' என்று பச்சையாக இருக்கும். அதைப் பார்த்த திருப்தியோடு எங்களைத் திட்ட ஆரம்பிப்பாள்.

கார்த்திகையில் ஒரு நாள் பொட்டி எழுந்திருக்கவில்லை. நாமக்கல்லிலிருந்து மெக்கானிக் செல்வம் வந்தார். டிஸ்க் போய்விட்டது என்றார். சுமித்ரா அசரவில்லை. பேக்கப் இருக்குதுங்க, எடுத்துப் போடுங்க என்றாள், கடையில் பிஸ்கட் கேட்பது போல. செல்வம் இன்னொரு டிஸ்க்கைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்தார். அதில் ஒரே ஒரு பேக்கப் இருந்தது, சேலத்துப் பையன் சோதித்துப் பார்க்கக் கையால் ஓட்டியது. அதற்குள் ஒரே ஒரு உறுப்பினர். பெயர் அஆஇஈ, அப்பா பெயர் உஊஎஏ, மிளகுக் கொடி ஒன்று. சங்கத்தில் உயிர் பிழைத்தது அந்த இல்லாத ஆள் மட்டும்தான்.

"ராத்திரி மெஷின் ஓடுதுங்களா?" என்றார் செல்வம்.

"ஓடுதுங்க."

"சாயங்காலம் போறப்போ என்ன பண்ணுவீங்க?"

"கதவைப் பூட்டிட்டுப் போவேனுங்க."

"பிளக்கு?"

"அது புடுங்கிருவமுங்க."

சொல்லிவிட்டுத்தான் அவளுக்கே காதில் விழுந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

மலையில் பிறந்தவர்களுக்குத்தான் இது புரியும். இங்கே இடி ஓட்டு மேல்தான் விழும், ஒயர் வழியாகத்தான் வீட்டுக்குள் வரும். பொழுது சாய்ந்தால் டிவியோ கிரைண்டரோ, பிளக்கைப் பிடுங்கிச் சுவரை விட்டுத் தள்ளிப் போடுவோம். அதை ஒரு வேலை என்று யாரும் நினைப்பதில்லை, செருப்பைக் கழற்றுகிற மாதிரி கை தானாகச் செய்யும். ராத்திரி இரண்டு மணிக்குப் பொட்டி சாப்பிடும் என்று சொன்னதும் அவள்தான், சாயங்காலம் பிளக்கைப் பிடுங்கியதும் அவள்தான். மண்டையும் கையும் இத்தனை வருடம் ஒரே ஆளிடம் இருந்தும் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளவில்லை.

சின்னுசாமி தனக்கு வந்த சந்தோஷத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தை பிறப்பதற்குள் எல்லா உறுப்பினர் விவரமும் திரும்ப ஏற வேண்டும், கைரேகையோடு. ஒரு ஆள் குறைந்தாலும் பொங்கல் கழித்து யுவராஜ் வந்து உட்காருவான் என்றார். அன்று சாயங்காலமே செங்கோடன் மகள் காதில் விழும்படி சிவபிரகாஷுக்குப் போன் போட்டார்.

சுமித்ரா டேப்லெட்டையும் கைரேகை மெஷினையும் பையில் போட்டுக்கொண்டு காடு காடாக நடந்தாள். ஊர் இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தது. ஒரு வீட்டில் ஆடு கறக்கும் வரை நிற்க வைத்தார்கள், கறந்த பிறகு இன்னொரு ஆட்டைப் பிடித்தார்கள். ஒரு வீட்டில் அவித்த மரவள்ளிக் கிழங்கு கொடுத்தார்கள், உப்பைப் போடாமல். சின்னக்கண்ணு கொடிக் கணக்கைத் தடவைக்கொன்று சொல்லி அவளை மூன்று தடவை மேட்டில் ஏற வைத்தார். ருக்குமணி பெயர் சொல்லவே இல்லை.

"எனக்குப் பேரு ஏது கண்ணு? நீ கூப்புடுவியே, அடுத்தது. அதையே போட்டுக்க."

எதிரில் வந்தவர்களெல்லாம் அஆஇஈ சௌக்கியமா என்று விசாரித்தார்கள். அப்படி விசாரித்ததில் எங்கள் பங்கும் உண்டு. அவள் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. உள்ளே போன வார்த்தைகள் கண்ணைச் சுற்றிக் கறுப்பாகத் தெரிந்தன. பார்க்க நன்றாக இல்லை.

கடைசியில் பாக்கி கண்ணாயி ஒருத்திதான்.

கண்ணாயி அவளை நிற்க வைக்கவில்லை. மிளகு காய்ந்த பாயை ஒதுக்கிவிட்டு உட்காரச் சொன்னாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். கைரேகை மெஷினை நீட்டியபோதுதான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"பொட்டியில எல்லாரும் போயிட்டாங்கன்னு சொல்றாங்களே சாமி. அவுரும் போயிட்டாரா?"

சுமித்ரா மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் படம் இல்லீன்னா எனக்குச் சங்கமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லு, வெரலை வெக்கறேன்."

"இருக்குதுங்கக்கா," என்றாள் சுமித்ரா. அவள் யாரையும் அக்கா என்று அழைத்து நாங்கள் கேட்டதில்லை. "பேக்கப்புல பத்தரமா இருக்குது."

கண்ணாயி விரலை வைத்தாள். மெஷின் ஏற்கவில்லை. மிளகு பறித்துப் பறித்து ரேகை தேய்ந்த விரல். சுமித்ரா அந்தக் கட்டைவிரலைத் தன் துப்பட்டாவால் துடைத்துத் திரும்ப வைத்தாள். மறுபடி ஏற்கவில்லை. மறுபடி துடைத்தாள்.

"சிரிச்சுட்டு இருப்பாரே, அந்தப் படந்தானே?"

"அதேதானுங்கக்கா."

மெஷின் பச்சையாக மின்னியது.

தையில் கொச்சிக்காரர் வந்தார், சரிபார்த்தார், போனார். நாற்காலி அவளுக்கே என்றானது. சிவபிரகாஷ் லாரி ஏறி வடக்கே போனார். பேக்கப் நேரத்தை சுமித்ரா பட்டப்பகலுக்கு மாற்றிவிட்டாள். ஓடி முடிகிற வரைக்கும் பக்கத்தில் நின்று, பதிந்ததைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் சோறு தின்பாள். வாயும் பழையபடி நீண்டுவிட்டது. "அடுத்தது" மட்டும் இல்லை.

சந்தைக்கு வருகிற நாளெல்லாம் கண்ணாயி சங்கத்துக்கு வருகிறாள். நல்ல சேலை கட்டி, பலாச்சுளை கொண்டுவந்து மேஜை மேல் வைக்கிறாள். சுமித்ரா மானிட்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள்.

"பேக்கப் ஓடுதுங்கக்கா. இப்பத் தொறந்தா கெட்டுரும். இன்னொரு நாளைக்கு வாங்க."

வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும். எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாத வாய்கள் எங்களுடையவை. இதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. அன்று பல்லைக் காட்டிய அந்த உருப்படாத பையன்கூட வாசலிலேயே நின்று காலைத் தேய்த்துவிட்டுப் போய்விடுகிறான்.

கண்ணாயி பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து முந்தானையைச் சரி செய்துகொள்கிறாள்.

"பொட்டி பசியாறட்டும் சாமி. நா இருக்கறேன்."