பறக்கிறவனுக்கு எடுத்து வைத்த சோறு

கொண்டாப்பூரில் இருக்கும் என் மகளுக்கும் மருமகனுக்கும் போன மாதம் ஒரு சண்டை. பிள்ளை வளர்ப்பு, மாமியார் வீடு என்று நியாயமான காரணம் ஏதும் இல்லை. பறக்கிற வீரன் ஒருவனின் படத்துக்கு இரண்டாம் பாகம் வந்திருக்கிறது. முதல் பாகத்தின் கால்தூசிக்கு வராது என்கிறார் அவர். முதல் பாகம்தான் ஒரே இழுவை என்கிறாள் இவள். முப்பது வயது தாண்டிய இரண்டு பேர், தட்டில் இட்லி ஆறுவதுகூடத் தெரியாமல் மல்லுக்கட்டுகிறார்கள். கடைசியில் என்னை நீதிபதியாக்கப் பார்த்தார்கள். சட்னி எடுத்து வருகிறேன் என்று நான் எழுந்து போய்விட்டேன். முதல் பாகம், இரண்டாம் பாகம் என்ற பேச்சை எடுத்தாலே நான் இப்படித்தான் நழுவிவிடுவேன். பள்ளியில் படிக்கும்போது நான் சொன்ன ஒரு பொய் அதற்குக் காரணம்.

அப்போது நாங்கள் செகந்தராபாத் மாரெட்பள்ளியில் குடியிருந்தோம். ஒரே வளாகத்துக்குள் நான்கு போர்ஷன்கள், நடுவில் முற்றம், முற்றத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். அப்பா அரசாங்கத் தொழிற்சாலை ஒன்றில் ஃபோர்மேன். காலையில் தெருமுனைக்குக் கம்பெனி பஸ் வரும். அந்த பஸ்ஸைத் தவறவிட்டவன் மனிதனே இல்லை என்பது அவருடைய கட்சி. அம்மா திருநெல்வேலிக்காரி. இருபது வருடம் இந்த ஊரில் இருந்தும் தெலுங்கைக் கத்தரிக்காய் வாங்கும் அளவோடு நிறுத்திக்கொண்டவள். அண்ணன், அவனுக்கு ஏழு வயது இளைய தங்கையாக நான்.

நான் எட்டாவது படித்த வருடத்தில் அண்ணன் வீட்டைவிட்டுப் போனான். அப்பா தன் தொழிற்சாலையிலேயே அவனுக்கு அப்ரெண்டிஸ் இடம் பேசி வைத்திருந்தார். அவனோ துபாய்க்குப் போகிறேன் என்றான். இரண்டு பேரும் ஒரே அச்சு, ஒருவர் சொல்லை மற்றவர் பொறுக்கமாட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தபோது பேச்சு முற்றியது. "போறவன் அப்படியே போயிரு, இந்த வாசப்படிய மிதிக்காத" என்றார் அப்பா. அண்ணன் கையை உதறிக்கொண்டு எழுந்தான். அம்மா போட்ட சோறும் உருளைக்கிழங்குப் பொரியலும் தொட்டது பாதி, தொடாதது பாதியாகத் தட்டிலேயே கிடந்தன. அடுத்த வாரம் பம்பாய் வழியாக விமானம் ஏறிவிட்டான். சில மாதம் எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் கடிதம் போட்டான். பிறகு அதுவும் நின்றது.

கடிதம் நின்ற சமயத்தில்தான் அதே மாதிரி பறக்கிறவன் ஒருவனின் படம் செகந்தராபாத்துக்கு வந்தது. அம்மா இங்கிலீஷ் படத்துக்கு வரமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு அப்பாவும் நானும் போனோம். அவன் முதல் தடவை தரையைவிட்டு எழும்பியபோது கொட்டகையே எழும்பியது. பின்னாலிருந்து ஒருவன், "உட் கயா ரே, உட் கயா" என்று, தன் வீட்டுக் கோழி பறந்துபோன மாதிரி கத்தினான். அப்பா மட்டும் கம்பியை எங்கே கட்டியிருக்கிறார்கள் என்று கடைசிவரை தேடினார். கண்டுபிடிக்க முடியவில்லை. "கட்டினவன் வேலக்காரன்" என்றார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய ஆகப்பெரிய பாராட்டு அது.

எங்கள் வளாகத்தில் ஒரு சட்டம் உண்டு. படம் பார்த்தவர் மறுநாள் குழாயடியில் கதை சொல்லியாக வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்குத் தண்ணீர் வரும், நூல் மாதிரி வரும். குடம் நிறைவதற்குள் கதையை இடைவேளைவரை சொல்லிவிடலாம். சண்டைக்காட்சியை விட்டுவிட்டுச் சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். கதை சொல்லாமல் நழுவினவருக்கு அன்றைக்குக் கடைசிக் குடம்தான். நான் கான்வென்ட்டில் படித்ததால் இங்கிலீஷ் படமெல்லாம் என் தலையில் விழுந்தது.

அன்றைக்கும் சொன்னேன். பாலம் இடிந்தது, ரயிலைத் தோளில் தாங்கினான், வில்லன் ஜெயிலுக்குப் போனான். கையை நீட்டிக்கொண்டு முற்றத்தைச் சுற்றிப் பறந்தும் காட்டினேன். அடுத்த போர்ஷன் அக்கா சிரித்துச் சிரித்துக் குடத்தைக் கவிழ்த்துவிட்டாள். அவள் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலேயே ரயில்வே வேலைக்கு வந்து தங்கிவிட்டது. தமிழ், தெலுங்கு, உருது மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிப் பேசுவாள்.

கதை முடிந்து எல்லோரும் எழுந்தபோது அம்மா கேட்டாள்.

"அவன் ஊர விட்டுப் பட்டணத்துக்குப் போனாம்லா. அவன் அம்மை என்ன ஆனா?"

உண்மையில் படத்தில் அந்தத் தாய் வருவது ஐந்து நிமிடம். வயல்காட்டு வீட்டு வாசலில் நின்று மகனை அனுப்பிவைப்பாள். அதோடு சரி, படம் எடுத்தவர்கள் அவளை மறந்துவிட்டார்கள். உலகத்தையே காப்பாற்றுகிறவனுக்கு வீட்டுப் பக்கம் எட்டிப்பார்க்க நேரமில்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அம்மாவின் குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீரை வீணாக்காத அம்மா அதைக் கவனிக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் வருவாம்மா. அத விட்டுட்டேன்" என்றேன்.

ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. தினமும் சாயங்காலம் அந்தத் தாய் மகனுக்கு ஒரு தட்டில் சோறு எடுத்து மூடிவைப்பாள், ஊரே சிரிக்கும், ஒருநாள் கொல்லைப்புறம் காற்றடிக்கும், எட்டிப் பார்த்தால் அவன் நிற்பான் என்றேன்.

"ஹவ் மா, வராம எங்க போவான்" என்று ஆமோதித்தாள் அக்கா. "என்ன சமைச்சிருந்தா?"

"சோறு. உருளக்கெழங்குப் பொரியல்."

அமெரிக்காவில் எவள் சோறாக்குகிறாள் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. அவன் சாப்பிட்டு முடிப்பதற்குள் தோளில் கட்டியிருந்த துணியை அம்மாக்காரி துவைத்துக் காயப்போட்டுவிடுவாள் என்று அதையும் சேர்த்தேன். அதற்கு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் சாயங்காலம் சமையல்கட்டு அலமாரியில் ஒரு எவர்சில்வர் தட்டு இருந்தது. அதன்மேல் இன்னொரு தட்டு கவிழ்த்திருந்தது. திறந்து பார்த்தேன். சோறு, ஓரத்தில் உருளைக்கிழங்கு. காலையில் அதில் தண்ணீர் ஊற்றி அம்மாவே சாப்பிட்டாள். அதற்கடுத்த நாளும் தட்டு இருந்தது. வருடம் ஒன்று போயிற்று, இன்னொன்றும் போயிற்று. அண்ணனிடமிருந்து ஒரு வரி இல்லை. தட்டு மட்டும் ஒருநாள்கூடத் தவறவில்லை. அப்பா கண்ணில் படாமல் இருக்குமா? உருளைக்கிழங்கு தீர்ந்துபோனால் யாரும் சொல்லாமலே வாங்கி வந்துவிடுவார்.

அப்புறம் இரண்டாம் பாகம் வந்தது. சுவரெல்லாம் போஸ்டர். அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்காத ஒன்றைக் கேட்டாள். "நானும் வாரேன்."

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இந்தப் படத்தில் அந்தத் தாய் இல்லையென்றால் அம்மா துருவித் துருவிக் கேட்பாள். முதல் படத்திலும் இல்லை என்பது வெளியே வந்துவிடும். நான் சொன்னதை நம்பித்தானே தட்டு வைக்கிறாள்? அது பொய் என்று தெரிந்தால் தட்டு நின்றுவிடும். தட்டு நின்றால் அண்ணன் வரவே மாட்டான். பதினைந்து வயதில் இதை நான் முழுசாக நம்பினேன்.

"ஒரே சண்டையாம்மா. ரத்தமா இருக்குமாம்" என்று தடுத்துப் பார்த்தேன்.

"ரத்தத்தப் பாக்காமலா ரெண்டு பிள்ள பெத்தேன்? கெளம்பு."

அப்பா, அம்மா, நான், அக்கா என்று நான்கு பேர் போனோம். அம்மா கல்யாணத்துக்குப் போகிற மாதிரி பட்டுச் சேலை கட்டிக்கொண்டாள். எனக்கும் அக்காவுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். படம் தொடங்கியதிலிருந்து கட்டடம் கட்டடமாக இடிந்தது, லாரி லாரியாகப் பறந்தது. முதல் படத்தில் ஒரு வில்லன், இதில் ஒரு பட்டாளமே இருந்தது. இடைவேளைக்கு முன்பே பின்வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது. "நக்கோ ரே, பைலாவாலாச் அச்சா தா" என்றான் ஒருவன், முதல் படமே தேவலை என்று. இன்னொருவன் இதில்தான் சண்டை அதிகம் என்று அவனோடு சண்டைக்குப் போனான்.

அம்மா எதையும் காதில் வாங்கவில்லை. திரையில் ஒரு வீடு வந்தால் முன்னால் சாய்வாள், வீடு போனதும் பின்னால் சாய்ந்துகொள்வாள். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் அவன் வயல்காட்டுக்கு மேலே தாழப் பறந்து வந்தான். அம்மா என் கையைப் பிடித்தாள். அவ்வளவு அழுத்தமாக அவள் என் கையைப் பிடித்ததே இல்லை, வளையல் தோலில் பதிந்தது. அவன் இறங்கவில்லை. வயலைத் தாண்டி எங்கேயோ போய்விட்டான். படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகுதான் அம்மா என் கையை விட்டாள்.

வெளியே வந்ததும் எல்லோருக்கும் வாய் திறந்துகொண்டது.

"மொதப் படத்துல அவன் எப்பப் பறப்பான்னு இருந்துச்சு. இதுல எப்ப எறங்குவான்னு ஆயிட்டு" என்றார் அப்பா.

அக்காவுக்குப் படம் சுத்தமாகப் பிடிக்கவில்லை. "மொத படத்துல அந்த அம்மா சீன் எவ்ளோ நல்லா இருந்துச்சு! சோறு எடுத்து வெச்சி, துணி தொவச்சி... கைக்கு மா, எதுக்கு அத எடுத்துட்டானுங்க? அது இல்லாம என்ன படம்?"

பஸ் ஸ்டாப்பில் நின்ற நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி இதைச் சொன்னாள். அவள் முதல் படத்தைப் பார்த்ததே இல்லை. அவளுக்குத் தெரிந்த முதல் படம் நான் குழாயடியில் காட்டியதுதான். பக்கத்தில் நின்ற ஒருவர் அப்படி ஒரு காட்சி வந்ததா என்று யோசிக்க ஆரம்பித்தார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். நல்லவேளையாக பஸ் வந்தது.

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அப்பா முன்னறையில் பேப்பரை விரித்தார். அம்மா சேலையைக்கூட மாற்றவில்லை. நேரே சமையல்கட்டுக்குப் போய் உலை வைத்தாள், கிழங்கு நறுக்கினாள். சோறு வெந்ததும் தட்டை எடுத்தாள். எனக்குத் தாங்கவில்லை.

"அம்மா, மொதப் படத்துலயும் அது கெடையாது. நாந்தான் சேத்துச் சொன்னேன்."

"தெரியும்ட்டி" என்றாள். கரண்டி நிற்கவில்லை. "அன்னைக்கே ஒங்க அப்பாட்ட கேட்டேன். அப்படி ஒண்ணும் வரலன்னு சொல்லிட்டாவ."

அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் இத்தனை நாளும் தட்டு வைத்திருக்கிறாள். இரண்டு வருடமாக நான் நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு திரிந்ததெல்லாம் வீண்.

"பொறவு இன்னைக்கு எதுக்கும்மா வந்தே?"

அம்மா தட்டின்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்தாள். கையை அதன்மேலிருந்து எடுக்கவில்லை.

"மொதப் படத்துல வரல, சரி. ரெண்டாவதுலயாவது வீட்டுக்கு வருவாம்னு நெனச்சேன்."

நான் அழுதேன். அவள் அழவில்லை. தட்டை அலமாரியில் வைத்துவிட்டு, "மூணாவது எடுப்பானாட்டி?" என்று கேட்டாள்.

"எடுப்பாம்மா" என்றேன். அதுவும் தெரியாமல் சொன்னதுதான்.

முன்னறையில் பேப்பர் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அப்பா வாசல் நிலையில் வந்து நின்றார். "அவன் அட்ரஸ் இருக்க பழைய கடுதாசிய எடு" என்றார் என்னிடம். எடுத்துக் கொடுத்தேன். வெளிநாட்டுக்கு எழுதுகிற நீலக் காகிதத்தில் அவர் நாலு வரிதான் எழுதினார். என்ன எழுதினார் என்று கடைசிவரை எங்களுக்குச் சொல்லவில்லை. மறுநாள் கம்பெனி பஸ் போகட்டும் என்று விட்டுவிட்டுத் தபாலாபீசுக்கு நடந்தார். அவர் பஸ்ஸை விட்டது என் நினைவில் அந்த ஒரு தடவைதான்.

அன்று சாயங்காலம் குழாயடியில் இரண்டாம் பாகத்தை உள்ளது உள்ளபடி சொன்னேன். ஒருத்திக்கும் பிடிக்கவில்லை. முதல் படம் மாதிரி வராது என்று, அதைப் பார்க்காத அத்தனை பேரும் ஏகமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள்.

அண்ணன் அடுத்த வருடம் மழைக்காலத்தில் வந்தான். மூன்றாம் பாகமும் உண்மையிலேயே வந்தது, அப்போது அவன் வீட்டில் இருந்தான். எல்லோருக்கும் அவனே டிக்கெட் எடுத்து வந்தான். அம்மாவின் டிக்கெட்டை அவள் கையிலேயே கொடுத்தான். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவனிடமே நீட்டினாள்.

"எனக்கு எதுக்குய்யா அது? நீங்க பாத்துட்டு வாங்க. நான் சோறாக்கி வைக்கேன்."

அவள் டிக்கெட்டுக்கு அக்கா வந்தாள். படம் படுமோசம். வழி நெடுக அப்பாவும் அண்ணனும் போட்டி போட்டுக்கொண்டு அதைத் திட்டினார்கள். அவர்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் நான் பார்த்தது அன்றைக்குத்தான். வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா தரையில் நாலு தட்டு போட்டு வைத்திருந்தாள். எதுவும் மூடியிருக்கவில்லை.