கபிலன் சொன்ன நேரம்

கபிலன் ஒருநாளும் விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் பாரிஸிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு எட்டாயிரத்து ஐந்நூறு கிலோமீற்றர், வளைகுடாவில் இறங்கி மாறினால் இத்தனை மணித்தியாலம் என்று நானாட்டான் ஊரில் யார் கேட்டாலும் சொல்லிவிடுவான். பதினெட்டு வருடமாக அங்கே ஆட்களை ஏற்றி இறக்கி வான் ஓட்டுகிறான். வாய் கொஞ்சம் நீளம்தான். சொன்ன நேரம் மட்டும் தப்பாது.

வியாழக்கிழமை நவரத்தினம் இறந்தபோது ஒரே மகன் பிரணவன் பாரிஸில் இருந்தான். சனிக்கிழமை டிக்கெட்டின் படத்தை அனுப்பிவிட்டு விமானம் ஏறினான். ஞாயிறு காலை எட்டே முக்காலுக்கு இறங்குகிறான் என்று அதில் இருந்தது. ஞாயிறு நாலரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும். அதற்கு முன் பிரேதத்தை எடுத்தாக வேண்டும்.

நவரத்தினத்தின் தம்பி செல்வராசா முப்பது வருடம் கந்தோரில் கணக்கு எழுதியவர். உடனே பேனையை எடுத்தார்.

"பாரிசுக்கும் எங்களுக்கும் மூண்டரை மணித்தியாலம் வித்தியாசம். எட்டே முக்காலோட கூட்டினா பன்னிரண்டே கால். அவன் வீட்ட வர ஆறு மணியாகும். காலமையே எடுப்பம். என்ட மகன் பார்த்தீபன் கொள்ளி வைக்கட்டும்."

"கூட்டாதேங்கோ ஐயா," என்றான் கபிலன். "டிக்கெட்டில போடுறது இறங்கிற இடத்தின்ட நேரம். மூண்டு மணிக்கு முதல் பிரணவனை இந்த வீட்டு முத்தத்தில கொண்டந்து விடுறன்."

"நீ பிளேனில போயிருக்கிறியோ?"

"இல்லை. போய் வந்த ஆயிரம் பேரை ஏத்தி இறக்கியிருக்கிறன்."

கணவனின் தலைமாட்டில் இருந்த மங்கையற்கரசி நிமிர்ந்தாள். "கபிலன் சொன்னாச் சரி. மூண்டரைக்கு எடுங்கோ. என்ட பிள்ளை தேப்பன்ட முகம் பாக்கவேணும்."

கபிலன் அப்போதே வானை எடுத்துக்கொண்டு புறப்பட்டான். செல்வராசாவுக்கோ தன் கணக்கில் அசையாத நம்பிக்கை. ஞாயிறு காலை எட்டரைக்கே கொள்ளி வைக்கவென்று பார்த்தீபனைக் கதிரையில் இருத்தி மொட்டை வழிப்பித்துவிட்டார். கால் மணித்தியாலம் கழித்து போன் அடித்தது.

"பிளேன் இறங்கிட்டுது," என்றான் கபிலன்.

இரண்டே முக்காலுக்கு வான் முற்றத்தில் நின்றது. பிரணவன் ஓடிவந்து தகப்பனின் காலைக் கட்டிக்கொண்டு கதறினான். கபிலன் மணிக்கூட்டைப் பார்த்தான், செல்வராசாவைப் பார்த்தான். சாவீடு என்றதால் வாயை அடக்கிக்கொண்டான்.

அழுது ஓய்ந்து எழும்பியபோதுதான் பிரணவன் பார்த்தீபனின் தலையைக் கண்டான். செல்வராசா வெட்கப்பட்டுப்போனார். "என்ட கணக்குப் பிழைச்சுப்போச்சு, மகன்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பெரியப்பாவுக்குத்தானே வழிச்சனான்," என்றான் பார்த்தீபன். "இருங்கோ அண்ணை, இனி உங்கட முறை."

காலையில் பார்த்தீபன் இருந்த அதே கதிரையில் பிரணவன் இருந்தான். வழித்து, குளித்து, ஈர வேட்டியோடு இருவரும் பாடைக்குத் தோள் கொடுக்க வந்தார்கள். மங்கையற்கரசி இரண்டு மொட்டைத் தலைகளையும் பார்த்தாள்.

"பாருங்கோ," என்றாள் கணவனின் முகத்தைத் தடவி. "ஒரு பிள்ளைதான் எண்டு எவ்வளவு கவலைப்பட்டனீங்கள்."