பலூனுக்குள் இருந்தது நான் பேசியதல்ல

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி கலாவை ஆழ்வார்பேட்டைக்குப் படம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். ஆசையாகவா? அட, நீங்க வேற... எனக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது.

விஷயம் இதுதான். மயிலாப்பூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நஸீர் பாய், போட்டோக்களாலேயே காதல் கதை சொல்லி ஃபோனில் போடுகிறார். ஆளின் தலைக்கு மேலே ஒரு பலூன், அதற்குள் வசனம். ஒரு நாள் ஹீரோ வரவில்லை. வேடிக்கை பார்க்கப் போன என்னைப் பிடித்து பெசன்ட் நகர் மணலில் முட்டி போட வைத்துவிட்டார். எதிரே ஹீரோயின், தி.நகர் நகைக்கடையில் வேலை பார்க்கும் பெண்.

நான் எட்டாவதைத் தாண்டாதவன். காதல் வசனமா வரும்? "மேடம், சாப்டீங்களா?" என்று ஆரம்பித்தேன்.

"பேசாத நைனா! பேசினா படம் ஷேக் ஆவுது. வாய 'ஆ'ன்னு தொறந்து வச்சிக்கினு அப்டியே நில்லு. வசனத்த நான் அப்பால எழுதிக்கறேன்."

நின்றேன். ஒரு ஈ உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்தது.

கதை ஃபோனில் வந்தது. என் தலைக்கு மேலே — 'உன்னைப் பார்த்த பிறகுதான் வாழவே ஆரம்பித்தேன்.' கலா படித்தாள். அன்றிலிருந்து வீட்டில் என்னோடு பேசியது சோற்றுத் தட்டு மட்டும்தான். டொக்!

"நான் 'ஆ'ன்னுதாம்மா சொன்னேன்!" யார் நம்புவார்?

நஸீர் பாயே வழி சொன்னார். "ஆழ்வார்பேட்டைல பழைய வெளிநாட்டு டாக்குமென்டரி ஒண்ணு போட்றாங்கோ. குட்டிப் படம். போட்டோ கதைக்குப் போஸ் குடுக்கறவங்களப் பத்திதான். வூட்டம்மாவ இட்டுக்கினு போ."

போனோம். கறுப்பு வெள்ளை. பாஷை புரியவில்லை, கீழே ஓடிய இங்கிலீஷ் அதைவிடப் புரியவில்லை. தேவையா என்ன? ஒருத்தன் காதலியைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி சிலையாக நிற்கிறான். போட்டோகிராபர் வந்து அவன் கழுத்தைத் திருப்பிவிட்டுப் போகிறார். கிளிக்! உடனே இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக் கொட்டாவி விடுகிறார்கள்.

கலா சத்தமாகச் சிரித்தாள். முன்வரிசைக் கண்ணாடிக்காரர் திரும்பி முறைத்தார். முறைக்கட்டும்... எனக்கு உயிர் வந்தது!

வெளியே வந்ததும், "சரி, நீ ஒண்ணும் பேசல. நம்பறேன்" என்றாள்.

"அப்பாடா!"

"இரு. அந்தாளு கிளிக் ஆனதும் கொட்டாவி வுட்டான். கதைல கடைசி போட்டோல நீ இன்னாத்துக்கு அவளயே பாத்து இளிச்சிக்கினு கீற? பலூன்ல கீறத பாய் எழுதினாரு. உன் மூஞ்சில கீறத யாரு எழுதினா?"

மறுபடியும் 'ஆ'வென்று நின்றேன். இந்த முறை பலூன் எழுத நஸீர் பாய் பக்கத்தில் இல்லை.