என் உடம்பைப் பற்றி என்னிடம் பேசுங்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு ஓர் ஆடி மாதத்தில் நடந்தது இது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் மின்சார ஸ்விட்ச் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் நான் வேலை செய்கிறேன். பொன்னேரிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வருவேன். அந்த வருடம் தை மாதம் எனக்குக் கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷன் நடந்தது. அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. உள்ளே கட்டி. மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு. உடம்பில் ரத்தமே இல்லை என்று சொல்லி, ரத்தம் ஏற்றிய பிறகுதான் ஆபரேஷன் தியேட்டருக்கே கொண்டு போனார்கள்.

இரண்டு மாத லீவு முடிந்து வேலைக்குத் திரும்பியதும் நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? லாக்கரில் மிச்சம் இருந்த நாப்கின் பாக்கெட்டுகளை எடுத்து, எங்கள் லைனில் நிற்கும் பெண்களுக்குக் கல்யாண வீட்டில் தாம்பூலப் பை கொடுப்பதுபோல ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். "இனிமே இந்தத் தொல்லை எனக்கு இல்லடி" என்று நான் சொல்ல, எல்லோரும் சிரிக்க, ஒரே கும்மாளம். அந்த வாயை அன்றைக்குக் கொஞ்சம் மூடி வைத்திருக்கலாம்.

சித்திரையில் முதல் முறை துணியில் கறை பட்டது. ஏதோ உள்புண் ஆறவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். இரண்டு நாளில் நின்றது. சரியாக நான்கு வாரம் கழித்து மறுபடியும் வந்தது. அதற்கு முந்தின நாள் இடுப்பு வலி, மார்பு கனம், காரணமில்லாத எரிச்சல், எல்லாம் பழையபடி. பை இல்லாத வயிற்றுக்கு நாள் கணக்கு எப்படித் தெரிகிறது? பயந்துபோய் ஆபரேஷன் செய்த தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஆபரேஷன் செய்த டாக்டர் அன்று இல்லை. நர்ஸ்தான் இருந்தார். "பைதான் எடுத்தாச்சே, அது எப்படி வரும்? புண்ணா இருக்கும்" என்று ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்.

மூன்றாவது முறை வந்தபோது நானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இது புற்றுநோய்தான். எங்கள் தெருவில் ஒருவருக்கு இப்படித்தான் ஆரம்பித்தது என்று கேள்விப்பட்டிருந்தேன். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று ஒரு முட்டாள்தனம். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. அது நிஜமாகவே அந்த நோயாக இருந்திருந்தால், ஒளித்து வைத்த மாதங்களை எனக்கு யார் திருப்பித் தந்திருப்பார்கள்?

ஆடியில்தான் எல்லாம் வெளியே வந்தது. நான் வேலைக்குத் திரும்பியதிலிருந்து எங்கள் சூப்பர்வைசர், என்னைவிடப் பத்து வயது சின்னப் பெண், ஸ்விட்சுகளைச் சரிபார்க்கும் சோதனை மேஜையில் என்னைப் போட்டிருந்தாள். அங்கே நடுவில் எழுந்து போனால் லைனே நின்றுவிடும். மாற்று ஆளும் கிடையாது. "உனக்குத்தான் அந்தப் பேஜாரு இல்லையேக்கா" என்று சொல்லித்தான் போட்டாள். அன்றைக்கு நான்கு மணி நேரம் நின்றபடியே வேலை செய்தேன். எங்கள் யூனிஃபார்ம் கோட்டு வெளிர் சாம்பல் நிறம். பின்பக்கம் பார்த்துவிட்டு, பக்கத்து மேஜைப் பெண்தான் காதில் சொன்னாள். அவளிடமே ஒரு நாப்கின் கேட்டேன். கொடுத்தாள். கொடுத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இன்னும் மறக்கவில்லை. சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் கேன்டீன் முழுக்கச் செய்தி போய்விட்டது.

சூப்பர்வைசர் நேராக என்னிடம் வந்தாள். "இன்னாக்கா, பை எடுத்துட்டேன்னு சொல்லிக்கினு ரெண்டு மாசம் லீவு போட்ட. இப்போ இது இன்னா?" என்றாள். எனக்கே பதில் தெரியாதே. மூன்றாவது நாள் மறுபடி வந்து, "ஆபீஸ்ல பேசிக்கிறாங்கக்கா. பொய் சர்ட்டிபிகேட்டுன்னா வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்களாம். உன் ஊட்டுக்காரர இட்டுகினு வரச் சொல்றாரு எச்.ஆர். சாரு" என்றாள்.

பதினோரு வருடம் அந்தக் கம்பெனியில் வேலை செய்திருக்கிறேன். ஒரு நாள்கூடப் பொய் சொல்லி லீவு போட்டதில்லை. வயிற்றில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை தையல் தழும்பு இருக்கிறது. கோட்டைத் தூக்கிக் காட்டிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அந்த நிமிஷம் என் பயம் கோபமாக மாறிவிட்டது. செத்தாலும் பரவாயில்லை, பொய்க்காரி என்ற பெயரோடு மட்டும் சாகமாட்டேன் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலையில் ஆபரேஷன் ஃபைலைத் தூக்கிக்கொண்டு பொன்னேரியில் இருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். பெரிய வரிசை. என் முறை வந்தபோது உள்ளே ஒரு பெண் டாக்டர் இருந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். பிறகு ஃபைலை வாங்கி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். அதுவரை அந்தக் காகிதங்களை யாருமே படித்ததில்லை. நானும் சேர்த்துத்தான். இங்கிலீஷில் இருந்ததால் பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் பூட்டி வைத்திருந்தேன்.

"முழுசா எடுக்கலைம்மா. கர்ப்பப்பை வாயை விட்டிருக்காங்க. உங்ககிட்ட யாரும் சொல்லலையா?" என்று கேட்டார்.

நான் விழித்ததைப் பார்த்து, ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். கத்திரிக்காயைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். காய்தான் பை. கீழே இருக்கும் காம்பு, பையின் வாய். எனக்கு இரண்டு குழந்தைகளும் சிசேரியன் என்பதால் அந்தக் காம்புப் பக்கம் மூத்திரப்பையோடு ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. பிரித்தால் ஆபத்து என்று அதை மட்டும் விட்டுவிட்டு மேலே எடுத்திருக்கிறார்கள். அதில் தவறு இல்லை, சில பேருக்கு அப்படித்தான் செய்வார்கள் என்றார். அந்தக் காம்பின் மேல்பகுதியில் பையின் உள்தோல் கொஞ்சம் ஒட்டியிருந்தால், சினைப்பைகளும் இருக்கிறபடியால், அது மாதாமாதம் தன் வேலையைக் காட்டும். ஆனாலும், ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் வந்தால் உடனே வந்து காட்டியிருக்க வேண்டும் என்று திட்டவும் செய்தார். உள்ளே பரிசோதித்து, புற்றுநோய் சோதனைக்குச் சாம்பிளும் எடுத்தார். பையின் வாய் இருக்கிறவரை இந்தச் சோதனையை விடக்கூடாது என்றார். எனக்குப் பை இல்லை, இனி எதற்கு என்று நான் நினைத்திருந்தேனே.

கடைசியாக ஃபைலில் ஒரு இடத்தில் விரலை வைத்தார். விஷயத்தை நோயாளியின் கணவரிடம் விளக்கியாயிற்று என்று எழுதி, கீழே என் வீட்டுக்காரர் கையெழுத்து இருந்தது.

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை. அவர் மீஞ்சூரில் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். மதியச் சாப்பாட்டுக்கு வந்தவரைத் தட்டு போடாமல் நிற்க வைத்துக் கேட்டேன். தலையைச் சொறிந்தார்.

"ஆபரேஷன் பண்ண டாக்டரு சொன்னாரும்மா. வராண்டாவுல நிக்க வெச்சு, அடியில ஒட்டிக்கினு கீது, அத்த மட்டும் வுட்டுட்டோம்னாரு. பொம்பள சமாச்சாரம், உன்னாண்ட எப்புடி சொல்றதுன்னு வுட்டுட்டேன். அதான் நீ பொழச்சி வந்துட்டியே" என்றார்.

கெட்ட மனுஷன் இல்லை. ஆஸ்பத்திரியில் என் கால்மாட்டிலேயே உட்கார்ந்திருந்தவர். எத்தனை பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள் என்று தெருவுக்கே சொன்னவர். ஆனால் என் உடம்புக்குள் என்ன மிச்சம் இருக்கிறது என்பதை என்னிடம் சொல்ல மட்டும் அவருக்கு வெட்கம். அந்த வெட்கத்துக்காக நான் இத்தனை நாள் சாவை எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறேன். மூன்று நாள் அவரோடு பேசவில்லை. காலையில் நாஷ்டாவை மூடி வைத்துவிட்டு பஸ் ஏறிவிடுவேன்.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த மறுநாளே ஆபீஸுக்கு நான் மட்டும்தான் போனேன். எச்.ஆர். அதிகாரி என் முகத்தைப் பார்க்கவில்லை. எதிரில் நான் உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்தில் நிற்கும் சூப்பர்வைசரிடம், "இவங்களுக்கு எப்ப ஆபரேஷன் ஆச்சு?" என்று கேட்கிறார். அப்புறம் அவளிடமே, "ஹஸ்பண்ட் வரலையா? அவர்கிட்ட பேசினா நல்லா இருக்கும்" என்றார்.

"ரத்தம் அவருக்கா சார் போகுது? எனக்குத்தான் போகுது. என்னாண்ட பேசுங்க" என்றேன்.

அரசு டாக்டர் கொடுத்த கடிதத்தை வைத்தேன். லீவுக்கு நான் கொடுத்திருந்த காகிதங்களை எடுக்கச் சொன்னேன். கர்ப்பப்பை வாயை விட்டிருக்கிறது என்ற அதே வரி அவர்களிடம் இருந்த நகலிலும் இருந்தது. அவர்களும் படிக்கவில்லை. கத்திரிக்காய், காம்பு எல்லாவற்றையும் குரலைத் தாழ்த்தாமல் விளக்கினேன். அவருக்குக் காது சிவந்துவிட்டது. எனக்குச் சிவக்கவில்லை. கடைசியில் முதல் முறையாக என்னைப் பார்த்து, "சாரிம்மா, எங்களுக்குத் தெரியலை" என்றார். அது போதாது என்றேன். கேன்டீனில் பரவிய பேச்சு கேன்டீனிலேயே முடிய வேண்டும் என்று கேட்டேன். சூப்பர்வைசர்தான் சாப்பாட்டு நேரத்தில் எழுந்து நின்று, அக்கா சொன்னது நிஜம், தப்பு என்னுடையது என்று எல்லோர் எதிரிலும் சொன்னாள். சோதனை மேஜைக்கு மாற்று ஆளும் போட்டார்கள்.

பரிசோதனை முடிவு நல்லபடியாக வந்தது. காகிதத்தை டாக்டர் கையில் கொடுத்துவிட்டு, அவர் வாயைத் திறந்து நோய் இல்லை என்று சொன்ன பிறகுதான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். தொந்தரவு அதிகமானால் அந்த இடத்தைச் சுட்டுவிடலாம், இல்லையென்றால் மிச்சத்தையும் எடுக்கலாம், நீங்கதான் முடிவு பண்ணணும் என்றார். நான் இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். இன்னும் மாதம் இரண்டு நாள் வருகிறது, போகிறது. வருடா வருடம் போய்க் காட்டுகிறேன். பை எடுத்தவர்கள் எங்கள் லைனிலேயே இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களும் ஃபைலைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு போய் விவரம் கேட்டு வந்தார்கள்.

இப்போது எந்த டாக்டரிடம் போனாலும் என் வீட்டுக்காரர் தாராளமாகப் பக்கத்தில் உட்காரட்டும், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் டாக்டருக்கு எதிரே இருக்கும் நாற்காலியில் நான்தான் உட்காருவேன், ஏனென்றால் இந்த உடம்பில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று கடைசியாகத் தெரிந்துகொள்கிற ஆளாக நான் இன்னொரு முறை இருக்கப் போவதில்லை.