காற்றாடிக்கு அடியில் இருபது கோழிக்குஞ்சுகள்

போன ஆடியில் மூன்று நாள் ஆண்டிபட்டிப் பக்கம் போய் வந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல. மின்சாரம் எடுக்கும் காற்றாடிகளில் அடிபட்டுச் சாகும் பறவைகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். அங்கே ஒரு காற்றாடிக்கு அடியில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, பதினான்கு மாதமாகத் தேடியும் ஓர் இறகுகூடக் கிடைக்கவில்லை. நோட்டில் வரிசையாகப் பூஜ்யம். என் மூன்றாவது அத்தியாயமே அந்தப் பூஜ்யத்தின் மேல்தான் நிற்கிறது.

"நீ போறதுக்குள்ள நாயோ நரியோ தூக்கிட்டுப் போகுதான்னு பாத்துட்டு எழுது" என்றார் என் நெறியாளர். அதற்கு வழி உண்டு. செத்த குஞ்சுகளை நாமே போட்டுவிட்டு, எத்தனை நாள் கிடக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

தேனியிலிருந்து ஆண்டிபட்டி பதினேழு கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அங்கிருந்து காட்டுக்கு ஒன்பது கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். பையில் இருந்ததை ஓட்டுநரிடம் மறைக்க முடியவில்லை. பண்ணையில் தானாகச் செத்த பத்துக் குஞ்சுகள், அடையாளத்துக்குக் காலில் நீல நூல்.

"செத்த குஞ்சப் போட்டுட்டு, கெடக்கானு பாக்க நாளைக்கும் வருவீகளா? இதுக்கா மேடம் இம்புட்டுப் படிச்சீக?" என்று சிரித்தார். வீட்டிலும் இதைத்தான் கேட்கிறார்கள்.

மாலை நான்கரைக்குப் போட்டேன். மறுநாள் காலை ஆறரைக்குப் போனால் ஒன்றுகூட இல்லை. நாய் தின்றால் இறகு சிதறும், காகம் கொத்தினால் கால் மிஞ்சும், எப்படியும் நான்கைந்து அங்கேயே கிடந்து எறும்பு மொய்க்கும். இங்கே துடைத்துவிட்டதுபோல் வெறும் தரை. தலைக்கு மேலே இறக்கைகள் உஸ் உஸ் என்று சுற்ற, மூன்று விநாடிக்கு ஒரு நிழல் என் மேல் ஏறி இறங்கிப் போனது. சுற்றிலும் ஆள் இல்லை. ஆனாலும் யாரோ எனக்கு முன்னால் வந்து, ஒவ்வொரு இடமாகக் குனிந்து போயிருக்கிறார்கள் என்று தோன்றியது.

அன்று மாலை பண்ணையிலிருந்து இன்னும் பத்து வாங்கி வந்து, நூல் கட்டிப் போட்டேன். மூன்றாம் நாள் அவையும் இல்லை.

நான் தேடும் வட்டம் தூணிலிருந்து அறுபது மீட்டர். ஆய்வு விதி அப்படி. அதைத் தாண்டி நான் போனதே இல்லை. அன்றுதான் முதல்முறையாகத் தாண்டி, கருவேல மரங்களுக்குப் பின்னால் போனேன். அங்கே தரையோடு தரையாகத் தட்டைக் கற்கள், வரிசை வரிசையாக. ஒன்றைப் புரட்டினேன். ஈர மண்ணிலிருந்து நீல நூல் நீட்டிக்கொண்டிருந்தது.

"ஏத்தா, அதக் கெளறாத!"

அலறியே விட்டேன். ஆட்டுமந்தையோடு ஓர் அம்மா நின்றிருந்தார். பெயர் பேச்சியம்மா. விடிவதற்கு முன்பே தினமும் ஆடு பத்திக்கொண்டு இந்த வழியாக வருகிறவர்.

"நாய் ருசி கண்டுச்சுன்னா என் குட்டிய விடுமா? அதான் பொதச்சுக் கல்லு வைக்கிறேன்."

"என்னைப் பார்த்ததே இல்லையாக்கா?"

"பாத்திருக்கேன். தரையவே பாத்துட்டு நடப்பீக. சர்வே கல்லத் தேடுறீக போலன்னு நெனச்சேன்."

கற்களை எண்ணினேன். அறுபத்து மூன்று. என்னுடையவை இருபது.

மீதியில் நான்கைத் திறக்க அவரே உதவினார். ஒரு கிளி, இரண்டு வௌவால், இறக்கை முறிந்த பருந்து ஒன்று. எதன் காலிலும் நூல் இல்லை. நான் ஒவ்வொரு முறை பூஜ்யம் எழுதியபோதும் இவை இங்கேதான் கிடந்திருக்கின்றன. வெட்கமும் பயமும் சேர்ந்து வந்தன. அத்தியாயத்தை அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுகிறேன்.

இதே வேலைக்குப் போகிறவர்களுக்கு: ஆடியில் காற்று ஆளைத் தள்ளும், தொப்பி வேண்டாம், தலைத்துண்டு கட்டுங்கள். முள்ளுக்குக் கனமான செருப்பு, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். குஞ்சைப் போடுவதற்கு முன் அங்கே யார் ஆடு மேய்க்கிறார்கள் என்று விசாரியுங்கள். நான் பதினான்கு மாதமாக விசாரிக்கவில்லை.

புதைக்கும் முன் போன் செய்யச் சொல்லி பேச்சியம்மாவிடம் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தேன். வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை கூப்பிடுகிறார். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் கூப்பிட்டார்.

"ஏத்தா, இன்னைக்கு விழுந்தது ரொம்பப் பெருசு. ஒத்தக் கல்லுல மூட முடியாது."