பாலத்து இறக்கத்தில் வெடித்த கார்

எங்களிடம் இருப்பது கார்புரேட்டர் வைத்த பழைய ஜப்பான் கார். நன்றாக ஓடும், மழையிலும் ஒரே முறையில் ஸ்டார்ட் ஆகும். எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்தால் மட்டும் பின்னால் புகைக்குழாயில் டமாரென்று வெடிக்கும். இறக்கத்தில் காலை எடுத்தால் வரிசையாக வெடிக்கும்.

நாங்கள் குடியிருப்பது மலேசியாவில் ஈப்போ நகருக்கு வெளியே, ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பு. வீடுகள் நெருக்கமாக இருப்பதால் சத்தம் சுவருக்குச் சுவர் மோதி வரும். எதிர்வீட்டுப் பெரியவர் இருதய அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய வாரம், அவர் மகள் எங்கள் வீட்டுக்கு வந்தார். மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார். "அண்ணே, காலையில கார மூலை வரைக்கும் தள்ளிக்கிட்டு போயி அங்க ஸ்டார்ட் பண்ணுறீங்களா? அப்பா ஒவ்வொரு தடவையும் நெஞ்சப் புடிச்சிக்கிறாருலா."

அதன் பிறகு தினமும் வேலைக்குப் போகும் உடுப்போடு நானும் மனைவியும் காரைத் தள்ளினோம். பெரியவர் ஜன்னலில் நின்று கையசைத்து நன்றி சொல்வார்.

நான் ஒரு பள்ளி அறிவியல் கூடத்தில் உதவியாளர். எதையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் குறை தெரிந்துவிடும் என்பது என் நம்பிக்கை. அதனால் கார் பழுது பார்க்கும் போமன்களிடம் போகும்போது, ஒரு வேலைக்கு மேல் செய்யவிடவில்லை. முதலாமவர் பிளக்குகளை மாற்றினார். அடுத்தவர் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகப் போகும்படி திருகி வைத்தார். வெடி முன்பைவிடக் கனமாகக் கேட்டது. மூன்றாமவர் டைமிங்கைச் சரிபார்த்துவிட்டு, காரை விற்றுவிடச் சொன்னார். மனைவியும் அதையே பல மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, ஆயர் தாவாரில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்கு முறுக்கு கொண்டுபோனோம். வழியில், இரண்டு பக்கமும் செம்பனை நிற்கும் சாலையில் ஒரு பாலம் வரும். அதில் ஏறி இறங்கும்போதுதான் கீழே போலீஸ் தடுப்பு இருப்பதைப் பார்த்தேன். போலீஸைப் பார்த்தால் யார் கால்தான் மிதியில் இருக்கும்? என் காலும் தானாக எழுந்துவிட்டது. கார் வெடிக்க ஆரம்பித்து, வெடித்துக்கொண்டே போய் அவர்கள் முன்னால் நின்றது.

தடுப்பில் இரண்டு பேர். ஒருவர் மலாய்க்கார சார்ஜன், கனத்த உடம்பு. மற்றவர் ஒல்லியான தமிழ்க் கான்ஸ்டபிள், வெடிச் சத்தத்துக்குப் பயந்து பாதி குனிந்தபடி இருந்தார். ஓடும் காரிலிருந்து மெர்ச்சுன் எறிந்தோம் என்று சார்ஜன் முடிவு செய்துவிட்டார். பட்டாசு எங்கே என்று கேட்டு, பின் பெட்டியைத் திறக்கச் சொன்னார். முறுக்கு டின்கள்தான் இருந்தன. ஒவ்வொரு டின்னையும் திறந்து, முறுக்குகளை விலக்கி அடிவரை பார்த்தார்.

சத்தம் காருடையதுதான் என்று விளக்கினேன். அப்படியானால் இப்போது வெடிக்க வை என்றார். நின்ற இடத்திலேயே எஞ்சினை உறுமவிட்டுக் காலை எடுத்தேன். பூனைபோல் அடங்கியது. நின்றால் வெடிக்காது, சக்கரம் எஞ்சினை இழுக்கும்போதுதான் வெடிக்கும் என்றேன். அதையும் பார்த்துவிடலாம் என்று சார்ஜன் பின் இருக்கையில் ஏறினார். கார் பின்பக்கமாகத் தாழ்ந்தது.

பாலத்தைக் கடந்து போய்த் திரும்பி, மறுபடி இறக்கத்தில் வந்து காலை எடுத்தேன். ஒன்றுமில்லை. இன்னொரு முறை வந்தோம். அப்போதும் ஒன்றுமில்லை. அத்தனை மாதம் அந்தச் சத்தம் வரக்கூடாது என்று ஏங்கிய நான், அன்றைக்கு அது வரவேண்டும் என்று முருகனை வேண்டினேன்.

சார்ஜன் இறங்கி, கான்ஸ்டபிளை ஏறச் சொன்னார். இந்த முறை பாலத்திலிருந்து கீழே வரும்வரை வெடித்தது. கான்ஸ்டபிள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். நம்பாத சார்ஜன் தானே மறுபடி ஏறினார். சத்தமே இல்லை.

மாறியது ஒன்றே ஒன்றுதான் என்பது எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் சீருடை போட்ட ஒருவரிடம் அதை எப்படிச் சொல்வது? சாலையோரம் முறுக்கு டின்னோடு நின்றிருந்த மனைவி கான்ஸ்டபிளிடம் சொல்லிவிட்டாள்.

"தம்பி, அவரு உக்காந்தா வெடிக்கல. அவரு கனத்துக்குத்தான் அடங்குது. போயி சொல்லுங்க."

கான்ஸ்டபிள் கொஞ்சம் யோசித்து, காருக்கு சார்ஜன்மேல் மரியாதை இருப்பதாக மலாயில் மொழிபெயர்த்தார்.

நான் எஞ்சினை ஓடவிட்டு, காருக்குப் பக்கத்தில் தரையில் படுத்து, கைத்தொலைபேசி வெளிச்சத்தில் அடியில் பார்த்தேன். சைலன்சருக்கு முன்னால் இரண்டு குழாய்கள் சேரும் இடத்தைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. புகைக்குழாயைத் தாங்கும் ரப்பர் அறுந்து, குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. சேர்ந்த இடம் வாய்திறந்து, புகை புஸ்புஸ்ஸென்று கசிந்தது. சார்ஜனை உட்காரச் சொன்னேன். கார் தாழ்ந்தது, பின் அச்சு குழாயை மேலே தூக்கியது, இடைவெளி மூடியது, கசிவு நின்றது. எழச் சொன்னேன், திறந்தது. "உட்காருங்கள், எழுந்திருங்கள்" என்று தரையிலிருந்து நான் சொல்லச் சொல்ல அவர் செய்தார். கான்ஸ்டபிள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

எல்லாம் விளங்கியது. காலை எடுத்ததும் எரியாத பெட்ரோல் சூடான குழாய்க்குள் போகிறது. இடைவெளி வழியாக வெளிக்காற்றும் உள்ளே வருகிறது. இரண்டும் அங்கேயே பற்றிக்கொள்கின்றன. போமன்கள் எல்லாரும் பொனெட்டைத்தான் திறந்தார்கள். யாரும், நான் உட்பட, பின்னால் குனிந்து பார்க்கவில்லை.

சார்ஜன் தானே கண்டுபிடித்ததுபோல் மகிழ்ந்துபோனார். இப்படியே வெடித்துக்கொண்டு போகவிடமாட்டேன் என்றார். அவர் வேலை நேரம் முடிந்துவிட்டதாம், வீடும் ஆயர் தாவார் பக்கம்தானாம். கூடவே வருகிறேன் என்று பின் இருக்கையில் நடுவாக உட்கார்ந்துகொண்டார். மனைவி ஒரு டின்னை அவர் மடியில் வைத்தாள். வழியெல்லாம் முறுக்கு நொறுங்கும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அக்கா வீட்டு வாசலில் கார் நின்றபோது உறவுகள் எல்லாம் வெளியே வந்தார்கள். பின் இருக்கையில் சீருடையைப் பார்த்ததும் அக்கா அழ ஆரம்பித்தாள். என்ன வழக்கு என்று அவள் கணவர் கேட்டார். நான் விளக்கியதை ஒருவரும் நம்பவில்லை. சார்ஜனே இறங்கி, காரைத் தொட்டுக் காட்டி, தான் உட்கார்ந்த விதத்தைச் செய்து காட்டிய பிறகுதான் அவருக்குத் தேநீர் வந்தது. அவர் மகன் மோட்டார் சைக்கிளில் வந்து அழைத்துப்போனான்.

நாங்கள் திரும்பும்போது, அக்கா வீட்டார் கட்டட வேலைக்காகக் குவித்திருந்த மணலை மூட்டைகளில் கட்டிப் பின்னால் ஏற்றிவிட்டார்கள்.

மறுநாள் ஈப்போவில் புகைக்குழாய் வேலை மட்டும் செய்யும் சீனர் ஒருவரிடம் போனேன். எதற்கு மணல் என்று கேட்டார். போலீஸ்காரருக்குப் பதிலாக என்றேன். அவர் மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டுக் காருக்கு அடியில் போனார். துருப்பிடித்த துண்டை வெட்டி எடுத்துப் புதுக்குழாயைப் பற்றவைத்து, புது ரப்பரில் மாட்டினார். கார்புரேட்டரில் கூட்டி வைத்திருந்த பெட்ரோலையும் குறைத்தார்.

அன்று மாலையே மனைவியை ஏற்றிக்கொண்டு, காம்பார் வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். கோப்பெங் தாண்டி ஒரு நீண்ட இறக்கத்தில் காலை எடுத்தேன். கார் மெல்ல வேகம் குறைந்து இறங்கியது. கேட்டாயா என்று திரும்பினேன். கதவில் தலைசாய்த்து, வாய் லேசாகத் திறந்து, அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் இந்தக் காரில் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. காம்பாரில் நிறுத்தாமல், எழுப்பாமல், இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டிக்கொண்டு போனேன்.